அமெரிக்கன் ஃபுட்பால்: அடி, ஊசி, மாத்திரை - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரியில் அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வந்தால் எங்கள் வீட்டு ஹாலில் பத்துப் பேராவது கூடிவிடுவார்கள். பாதிப் பேருக்கு ஆட்டமே தெரியாது. சமோசாவுக்கும் நடுவில் வரும் விளம்பரத்துக்கும் வருகிறவர்கள். யாராவது ஒரு ஆட்டக்காரர் விழுந்து எழாமல் கிடக்கும்போதுதான் கேள்விகள் கிளம்பும். "இவனுக எல்லாம் ஊசி போட்டுக்கிட்டுதானே ஆடுறானுக?" என்று ஒரு மாமா கண்டிப்பாகக் கேட்பார். வருடா வருடம் அதே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளை இந்த ஆட்டத்துக்குத் தாரை வார்த்தவன், அவ்வளவுதான்.

முதலில், இது நம்ம கால்பந்து இல்லையே?

இல்லை. நம்முடைய கால்பந்துக்கு இங்கே சாக்கர் என்று பெயர். இது இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதுமான ஆட்டம். அணிக்கு 11 பேர். பந்து வைத்திருப்பவரைக் கீழே சாய்ப்பது எதிரணியின் வேலை. தொழில்முறை ஆட்டத்தை நடத்துவது என்.எஃப்.எல்.; 32 அணிகள், சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டம். கீழே "லீக்" என்று வரும் இடமெல்லாம் அதுதான்.

ஏன் இவ்வளவு பேர் அடிபடுகிறார்கள்?

கடிகாரத்தில் 60 நிமிட ஆட்டம் என்றாலும் பந்து உண்மையில் அசையும் நேரத்தைக் கூட்டினால் 11 நிமிடம்தான் தேறும். அந்த 11 நிமிடம் நான்கைந்து விநாடித் துண்டுகளாக நூறுக்கும் மேற்பட்ட முறை வெடிக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் 22 பேரும் முழு வேகத்தில் கிளம்பி யார் மேலாவது போய் மோதுகிறார்கள். நடுவில் மூச்சு வாங்க நேரம் கிடைப்பதால் அடுத்த மோதலும் முழு பலத்தோடு நடக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் களைப்பு வேகத்தைக் குறைத்துவிடும். இங்கே அந்தத் தயவு இல்லை.

அப்புறம் உடம்பு. முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்களுக்கு 140 கிலோ இன்று சர்வ சாதாரணம். 1985-ல் சிகாகோ அணியில் 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒருவர் ஆடினார் என்பதற்காக, 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்ற பட்டப்பெயரோடு வந்த வில்லியம் பெர்ரியை ஊரே வேடிக்கை பார்த்தது. இன்றைக்கு அந்த எடையில் ஒவ்வொரு அணியிலும் ஒரு வரிசையே நிற்கிறது.

யாரும் மோதாமலே நடக்கிற காயங்களும் உண்டு. ஓடிக்கொண்டிருப்பவர் சட்டென்று திசை திரும்புவார், முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிந்துவிடும். செயற்கைப் புல்தரையில் காலணி மாட்டிக்கொள்வதால் இது அதிகம் நடக்கிறது என்பது ஆட்டக்காரர் சங்கத்தின் நெடுநாள் புகார். 2023 செப்டம்பர் 11 அன்று நட்சத்திர ஆட்டக்காரர் ஆரன் ராஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக முதல்முறை களமிறங்கினார். மாதக்கணக்கில் அந்த ஊர் காத்திருந்த நாள். நான்காவது ஆட்டத் துண்டிலேயே இடது குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலீஸ் நாண் அறுந்தது. அந்த சீசன் அவருக்கு அதோடு சரி. அந்த ஸ்டேடியத்தில் செயற்கைப் புல். 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு நிஜப் புல்தான் வேண்டும் என்று ஃபிஃபா சொன்னதும் அதே ஸ்டேடியத்தில் புல் போட ஏற்பாடானது. வெளிநாட்டு விருந்தாளிக்குப் பாய் விரிப்பவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு விரிக்கமாட்டார்களா என்று ஆட்டக்காரர்கள் கேட்பதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

ஹெல்மெட் போட்டிருக்கிறார்களே, தலையில் எப்படி அடிபடும்?

தூக்குச்சட்டியில் தயிரை வைத்துக்கொண்டு ஓடி, சட்டென்று நின்று பாருங்கள். சட்டி நெளியாது, தயிர் உடையும். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கிறது. உள்ளே மூளை குலுங்குவதை ஓரளவுதான் தணிக்கும். அந்தக் குலுக்கலில் மூளையின் வேலை தற்காலிகமாகக் குழம்புவதுதான் கன்கஷன். மயக்கம் போட்டு விழுந்தால்தான் கன்கஷன் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் மயக்கமே வராது. தலைவலி, வெளிச்சம் கூசுவது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, இப்படித்தான் தெரியவரும்.

ஹெல்மெட் இல்லாத காலம் நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1905 சீசனில் மட்டும் கல்லூரி, பள்ளி ஆட்டங்களில் குறைந்தது 18 பேர் செத்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருடம் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் நீண்ட பாஸ்கள் பிறந்தது சாவைக் குறைக்க வந்த அந்த விதியில்தான்.

சி.டி.இ. என்கிறார்களே, அது என்ன?

தலையில் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களின் மூளையில் டௌ என்ற புரதம் ஒழுங்கு கெட்டுத் திரண்டு படிகிற நோய். மறதி, திடீர்க் கோபம், மனச்சோர்வு, கடைசியில் சித்தம் தடுமாறுவது வரை போகலாம். உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரிய அடிகள் மட்டுமல்ல, கன்கஷன் அளவுக்குப் போகாத சின்னச் சின்ன இடிகளும் சேர்ந்து கணக்கைக் கூட்டுகின்றன.

கதை தொடங்குவது மைக் வெப்ஸ்டரிடம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர், அதாவது ஒவ்வொரு துண்டையும் பந்தைக் கால் இடுக்கு வழியே பின்னால் கொடுத்துத் தொடங்கிவைத்து, அடுத்த நொடி எதிராளி மேல் தலையால் மோதுகிறவர். 17 சீசன், 4 சூப்பர் பௌல் வெற்றி. ஓய்வுக்குப் பிறகு ஆள் சிதைந்துபோனார். தன் பிக்கப் டிரக்கில் படுத்துத் தூங்குகிற நிலைக்கு வந்தார். 2002-ல் 50 வயதில் மாரடைப்பில் இறந்தார்.

அவரது உடலைப் பரிசோதித்தவர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவிலிருந்து வந்த இளம் நோயியல் மருத்துவர். ஃபுட்பாலில் அவருக்கு ஈடுபாடு கிடையாது, அதனால்தானோ என்னவோ கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். வெளியிலிருந்து பார்க்க மூளை சாதாரணமாகத்தான் இருந்தது. விடாமல் மெல்லிய வில்லைகளாக வெட்டிச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது டௌ திட்டுகள் தெரிந்தன. 2005-ல் கட்டுரை வெளியானது. லீக் அமைத்திருந்த மூளைக்காயக் குழுவின் மருத்துவர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினார்கள். அந்தக் குழு 1994-ல் தொடங்கியபோது தலைமை ஏற்றவர் மூட்டுவாத மருத்துவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும்.

இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. அதே வெப்ஸ்டருக்கு 1999-லேயே லீக்கின் ஓய்வூதிய வாரியம், ஃபுட்பாலில் தலையில் பட்ட அடிகளால் செயலிழந்தவர் என்று ஒப்புக்கொண்டு பணம் கொடுக்க முடிவு செய்திருந்தது. ஒரு கை செக்கில் கையெழுத்துப் போட, இன்னொரு கை அப்படி ஒரு நோயே இல்லை என்று பல வருடம் எழுதிக்கொண்டிருந்தது. ஃபுட்பாலுக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழு முன் வாய் திறந்து ஒப்புக்கொண்டது 2016 மார்ச்சில்.

ஆடினவர்களில் 99 சதவீதம் பேருக்கு சி.டி.இ. என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

எண் நிஜம், வாசிப்பு தப்பு. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் 111 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளையில் 110-ல் சி.டி.இ. இருந்தது. 2023-ல் அது 376-க்கு 345. ஆனால் யாருடைய மூளை தானமாக வருகிறது? ஏற்கனவே ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் கொடுக்கின்றன. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எண்ணுவது மாதிரி. ஆய்வாளர்களே இதைச் சொல்லித்தான் வெளியிட்டார்கள்.

அதே நேரம் இதைக் காரணம் காட்டி ஒதுக்கிவிடவும் முடியாது. 1959 முதல் 1988 வரை குறைந்தது 5 சீசன் ஆடிய 3,439 பேரை அமெரிக்க அரசின் ஆய்வு ஒன்று பின்தொடர்ந்தது. 2012-ல் முடிவு வந்தது. மொத்தத்தில் அவர்கள் சராசரி ஆண்களைவிட அதிக நாள் வாழ்ந்திருந்தார்கள்! ஆனால் மூளை, நரம்பு சிதையும் நோய்களால் இறந்தவர்கள் பொதுமக்களைவிட 3 மடங்கு. உடம்பு கெட்டி, தலை காலி.

வழக்குப் போட்டார்களே, பணம் கிடைத்ததா?

கிடைத்தது, எல்லோருக்கும் இல்லை. ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2013-ல் 76.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். போதாது என்று நீதிபதி திருப்பி அனுப்ப, உச்சவரம்பு நீக்கப்பட்டது. 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்து, கொடுத்த தொகை 100 கோடி டாலரை எப்போதோ தாண்டிவிட்டது.

அதிலும் ஒரு அசிங்கம் நடந்தது. நினைவாற்றல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கும்போது, கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே ஆற்றல் குறைவு என்று வைத்துக் கணக்குப் போடும் முறை புழக்கத்தில் இருந்தது. தொடக்கப் புள்ளியையே தாழ்த்தி வைத்தால் இழப்பு சின்னதாகத்தானே தெரியும்? ஒரே மதிப்பெண் எடுத்த வெள்ளைக்காரருக்குப் பணம், கறுப்பினத்தவருக்கு இல்லை. இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020-ல் வழக்குத் தொடுத்த பிறகு, 2021-ல்தான் அதைக் கைவிடுவதாக லீக் சொன்னது.

இப்போது தலையில் அடிபட்டால் வெளியே கூட்டிப்போய்விடுகிறார்களாமே?

ஆமாம். எந்த அணியையும் சேராத நரம்பியல் மருத்துவர் ஒருவர் 2013 முதல் மைதான ஓரத்தில் நிற்கிறார். மேலே மாடத்தில் உட்கார்ந்து வீடியோவில் நோட்டம் விடுகிறவர்கள் தனி. சந்தேகம் வந்தால் ஓரத்தில் நீலக்கூடாரத்துக்குள் சோதனை. கன்கஷன் என்றால் அன்றைக்கு ஆட முடியாது. அப்புறம் 5 படிகளைத் தாண்டிவந்தால்தான் அடுத்த ஆட்டம்.

காகிதத்தில் அழகு. 2022 செப்டம்பர் 25 அன்று மயாமி குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) டூவா டகோவைலோவா தள்ளப்பட்டுத் தலை தரையில் இடித்தது. எழுந்தார், தலையை உதறினார், நாலு அடி எடுத்து வைத்தவர் கால் தளர்ந்து தடுமாறினார். சக ஆட்டக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். டிவியில் பார்த்த அத்தனை பேருக்கும் புரிந்தது. முதுகுவலியால் தடுமாறினார் என்று சொல்லி இரண்டாம் பாதியில் ஆடவிட்டார்கள். நான்கே நாளில், வியாழன் இரவு ஆட்டத்தில் மறுபடி தூக்கி வீசப்பட்டபோது அவருடைய விரல்கள் முகத்துக்கு முன்னால் விறைத்து, ஒன்று ஒரு பக்கமும் இன்னொன்று வேறு பக்கமுமாகக் கோணி நின்றன. ஸ்ட்ரெச்சரில் போனார். அடுத்த பத்து நாளுக்குள் விதி மாறியது: தடுமாற்றம் தெரிந்தால், காரணம் என்ன சொன்னாலும், திரும்பக் கூடாது.

நெஞ்சில் அடிபட்டு ஒருவர் மைதானத்திலேயே...?

டமார் ஹாம்லின். 2023 ஜனவரி 2. சாகவில்லை. இதயத்துடிப்பின் சுழற்சியில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு பலவீனமான கட்டம் உண்டு. சரியாக அந்த நொடியில் நெஞ்சில் அடி விழுந்ததால் இதயம் நின்றது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்டார்கள். அந்த ஆண்டே அடுத்த சீசனில் திரும்ப ஆட வந்துவிட்டார். மிக அபூர்வம், எந்த விளையாட்டிலும் நடக்கலாம். இதை ஃபுட்பாலின் தனிப் பாவமாக நான் எழுதமாட்டேன்.

அடிபட்டும் ஏன் ஆடுகிறார்கள்? உட்கார வேண்டியதுதானே?

உட்கார்ந்தால் இடம் போய்விடும். பேஸ்பால், கூடைப்பந்து ஒப்பந்தங்களில் எழுதின தொகை பெரும்பாலும் கைக்கு வந்தே தீரும். என்.எஃப்.எல்.லில் அப்படி இல்லை. உத்தரவாதம் உள்ள பகுதி போக மீதியை, ஆளை விலக்கினால் கொடுக்க வேண்டாம். நட்சத்திரங்களைத் தவிர மற்றவர்கள் வாரக் கூலிக்காரர்கள் மாதிரிதான். சராசரி ஆட்டவாழ்வு 3.3 வருடம் என்பது ஆட்டக்காரர் சங்கத்தின் கணக்கு. ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற 3 சீசன் வேண்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதோடு வீரம் பற்றிய கதைகள் சேரும். சான் ஃபிரான்சிஸ்கோ ஆட்டக்காரர் ரோனி லாட் சுண்டுவிரலை வெட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்று பாரில் யாராவது சொல்வார்கள். நடந்தது வேறு. 1985 சீசனின் இறுதியில் இடது சுண்டுவிரல் நசுங்கியது. அறுவை செய்து எலும்பை ஒட்டவைத்தால் ஆறுவதற்கு நாளாகும், அடுத்த சீசனுக்குத் தயாராக வேண்டும் என்று, சீசன் முடிந்தபின் நிதானமாக யோசித்து நுனியை எடுத்துவிடச் சொன்னார். ஆவேசத்தில் செய்ததைவிட இதுதான் எனக்குக் கிலி. ஜிம் ஆட்டோ ஓக்லாந்து அணிக்காக 15 சீசனில் ஒரு ஆட்டம்கூட விடவில்லை. உடம்பில் 70-க்கு மேல் அறுவை சிகிச்சை. 2007-ல் வலது காலையே எடுத்தார்கள்.

மிக மோசமான கால் முறிவு எது?

இந்தக் கேள்வி வரும்போது யாரோ யூட்யூபைத் திறப்பார்கள். தயவுசெய்து வேண்டாம், சாப்பாடு இறங்காது.

வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன், 1985 நவம்பர் 18. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்தன. அதோடு ஆட்டவாழ்வு முடிந்தது. சரியாக 33 வருடம் கழித்து, 2018 நவம்பர் 18, அதே வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித். அதே வலது கால், அதே இரண்டு எலும்பு. இரண்டு ஆட்டத்தின் ஸ்கோரும் 23-21. ஜோசியம் நம்பாதவன் நான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஸ்மித்துக்கு முறிவைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வந்தது. காயத்தில் தசையைத் தின்னும் கிருமித் தொற்று. காலை எடுப்பதா, உயிரைப் பார்ப்பதா என்ற கட்டம் வரை போய், 17 அறுவை சிகிச்சை முடிந்து, 2020 அக்டோபரில் மறுபடி களத்தில் இறங்கினார்.

சரி, ஊக்கமருந்துக்கு வருவோம். எப்போது ஆரம்பித்தது?

ஆவணங்களோடு தெரிகிற பழைய கதை 1963, சான் டியேகோ சார்ஜர்ஸ். அப்போது அது போட்டி லீக்கான ஏ.எஃப்.எல்.லில் இருந்தது. வெயிலில் காயும் ஒரு பண்ணையில் பயிற்சி முகாம். அணி புதிதாக அமர்த்திய உடற்பயிற்சியாளர் ஆல்வின் ராய், அமெரிக்கப் பளுதூக்கும் அணியோடு வேலை பார்த்தவர். ரஷ்யர்கள் எதையோ சாப்பிட்டுத்தான் ஜெயிக்கிறார்கள் என்று அறிந்துவந்தவர். சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தில் இளஞ்சிவப்பு மாத்திரை இருக்கும், சாப்பாட்டோடு போட்டுக்கொள்ள வேண்டும். அது டயானபால், தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு. கடையில் கள்ளத்தனமாக வாங்கியது இல்லை; அன்றைக்குச் சட்டவிரோதமும் இல்லை. வைட்டமின் மாதிரி வைத்தார்கள், சாப்பிட்டார்கள். ஓர் ஆட்டக்காரர் வெளி மருத்துவரிடம் காட்டி விசாரித்த பிறகுதான் அணிக்குள் விஷயம் தெரிந்தது. அந்த வருடம் இறுதிப் போட்டியில் 51-10 என்று நொறுக்கிக் கோப்பையை எடுத்தது சார்ஜர்ஸ்தான்.

லீக் சோதனையை ஆரம்பித்தது 1987-ல், தடை விதிக்கத் தொடங்கியது 1989-ல், வருடம் முழுக்கத் திடீர்ச் சோதனை 1990-ல். கிண்ணத்திலிருந்து கோப்பை வரைக்கும் போன விஷயத்துக்குக் கால் நூற்றாண்டு தாமதம். ஆனாலும் அமெரிக்கப் பெரிய லீக்குகளில் முந்திக்கொண்டது இதுதான்.

ஸ்டீராய்டு போட்டவர்கள் செத்துப்போனார்கள் என்பது உண்மையா?

லைல் அல்சாடோவைச் சொல்கிறீர்கள். 1969-லிருந்து போட்டுக்கொண்டதாக 1991-ல் அவரே பத்திரிகையில் எழுதினார். தன் மூளைப் புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று நம்பினார். அடுத்த வருடம் 43 வயதில் இறந்தார். மருத்துவ ரீதியில் அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. ஒரு தலைமுறைப் பையன்களைப் பயமுறுத்த அந்த முகம் பயன்பட்டது, அது நல்லதுதான்; ஆனால் காரணம் என்று எழுதுவது சரியில்லை.

இதயத்துக்கு ஆபத்து என்பதில் சந்தேகம் இல்லை. பிட்ஸ்பர்க் லைன்மேன் ஸ்டீவ் கோர்சன் 1985-லேயே, ஆடிக்கொண்டிருக்கும்போதே, போட்டுக்கொண்டதை வெளிப்படையாகச் சொன்னவர். பிறகு இதயத்தசை வீங்கி மாற்று இதயத்துக்குக் காத்திருக்கும் நிலை வந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றித் தேறினார். பள்ளி பள்ளியாகப் போய் ஸ்டீராய்டுக்கு எதிராகப் பேசினார். 2005-ல் வீட்டில் மரம் வெட்டும்போது அது மேலே சாய்ந்து இறந்தார்.

இப்போது சோதனை எப்படி? மாட்டினால் என்ன?

சீசனில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு அணியிலிருந்தும் 10 பேரைக் கணினி குலுக்கி எடுக்கும். சீசன் இல்லாத மாதங்களிலும் கதவைத் தட்டலாம். வளர்ச்சி ஹார்மோனுக்கு ரத்தச் சோதனை வேண்டும். 2011-ல் ஒத்துக்கொண்டு, சங்கமும் லீக்கும் 3 வருடம் இழுபறி செய்து, 2014-ல் ஆரம்பித்தார்கள்.

முதல்முறை ஸ்டீராய்டு வகை என்றால் 6 ஆட்டம் தடை, சம்பளம் கிடையாது. தூண்டுமருந்து, நீர்பிரிக்கும் மருந்து என்றால் 2. சோதனையையே ஏமாற்றப் பார்த்தால் 8. ஒலிம்பிக் ஆட்டக்காரர் ஒருவர் ஸ்டீராய்டில் சிக்கினால் வழக்கமாக 4 வருடம் போகும். ஒலிம்பிக்குக்கு விதி வகுக்கும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு லீக் கட்டுப்பட்டதில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவும் ஃபிளாக் ஃபுட்பால் வருகிறது. என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கள் போகலாம் என்று 2025-ல் அணி முதலாளிகள் அனுமதித்தார்கள். போகிறவர்கள் அந்தக் கடும் விதிக்குள் தலையைக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் கையைத் தூக்குகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆவல்.

மாட்டினவர்கள் எல்லாரும் "தெரியாமல் நடந்தது" என்கிறார்களே?

சிலருக்கு உண்மையாகவும் இருக்கலாம். 2008-ல் ஸ்டார்கேப்ஸ் என்ற எடை குறைக்கும் மாத்திரை சாப்பிட்ட மினசோட்டா, நியூ ஆர்லியன்ஸ் ஆட்டக்காரர்கள் நீர்பிரிக்கும் மருந்தில் சிக்கினார்கள். டப்பாவில் அந்த மருந்தின் பெயரே இல்லை. லீக்கில் சோதனையைக் கவனிப்பவர்களுக்கு அது உள்ளே இருப்பது முன்பே தெரியும், ஆட்டக்காரர்களிடம் பெயர் சொல்லி எச்சரிக்கவில்லை என்பது நீதிமன்றத்தில் வெளிவந்தது. வழக்கு வருடக்கணக்கில் நீண்டது.

இன்னொரு தந்திரம் உண்டு. பல வருடம் என்ன மருந்தில் சிக்கினார் என்பதை லீக் வெளியில் சொல்லாது. அதனால் மாட்டியவர்களில் பலர் "கவனச்சிதறலுக்கான ஆடரால் மாத்திரை, டாக்டர் சீட்டு வாங்க மறந்துட்டேன்" என்றார்கள். பொய் என்று மறுக்க ஆளில்லை. எனக்கு இதைக் கேட்டால் வீட்டுப்பாடத்தை நாய் தின்ற பிள்ளை ஞாபகம்தான்.

ரசிகர்கள் கோபப்படுவதில்லையா?

பேஸ்பாலில் அதிக ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்த பாரி பாண்ட்ஸ், ஊக்கமருந்துச் சந்தேகத்தால் இன்றுவரை புகழ் மண்டபத்துக்கு வெளியே நிற்கிறார். இங்கே? ஷான் மெரிமன் 2006-ல் 4 ஆட்டம் தடைபட்டும் மீதி ஆட்டங்களில் 17 முறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்து லீக்கிலேயே முதலிடம்; நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானார். பிறகுதான் தடைபட்ட வருடம் விருது கிடையாது என்று விதி வந்தது. அந்த விதி சூப்பர் பௌலைத் தொடவில்லை போலிருக்கிறது. ஜூலியன் எடல்மன் 2018 சீசனின் முதல் 4 ஆட்டம் தடையில் இருந்தார். அதே சீசனின் சூப்பர் பௌலில் ஆட்ட நாயகன். அன்றைக்கு எங்கள் ஹாலில் அந்தத் தடையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, நானும்தான்.

பேஸ்பாலில் எண்கள் புனிதம். ஹோம் ரன் கணக்கைக் கெடுத்தால் தாத்தா காலத்தையே கெடுத்த மாதிரி. ஃபுட்பாலில் லைன்மேனுக்குக் கணக்கே இல்லை. அதோடு, ரசிகனுக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை அவன் களத்தில் இருப்பது. சீக்கிரம் தேறிவர எதைப் போட்டான் என்று விசாரிக்க யாருக்கும் மனமில்லை.

அப்படியானால் தடைசெய்த மருந்துதான் பெரிய பிரச்சினையா?

என் கணக்கில் இல்லை. அணியின் டாக்டரே கையில் கொடுத்த மருந்துதான் அதிகம் கெடுத்தது.

டொராடால் என்று ஒரு வலி ஊசி உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாளைக்குக் கொடுப்பது. 5 நாளுக்கு மேல் கூடாது என்று மருந்தின் குறிப்பே சொல்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், ரத்தப்போக்கைக் கூட்டும். உடம்பெல்லாம் மோதப்போகிறவனுக்கு ரத்தப்போக்கைக் கூட்டும் மருந்து! அதை ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் வரிசையில் நின்று போட்டுக்கொள்வது வருடக்கணக்கில் வாடிக்கை. வலி வரும் முன்பே, வரப்போகிற வலிக்கு. இப்படி முன்கூட்டிப் போட வேண்டாம் என்று அணி மருத்துவர்களின் குழுவே 2012-ல்தான் பரிந்துரைத்தது.

பிரெட் ஃபாவர் தொடர்ந்து 297 ஆட்டம் ஆரம்பித்த குவார்ட்டர்பேக். வைகோடின் வலி மாத்திரைக்கு அடிமையானதை 1996-ல் அவரே அறிவித்துச் சிகிச்சைக்குப் போனார். அடுத்த ஜனவரியில் சூப்பர் பௌல் ஜெயித்தார். 2014-ல் ரிச்சர்டு டென்ட் உள்ளிட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள், சீட்டு இல்லாமலும் பக்கவிளைவு சொல்லாமலும் வலி மருந்துகளைத் தந்து ஆடவைத்ததாக லீக் மேல் வழக்குத் தொடுத்தார்கள்.

தசை சீக்கிரம் ஆற ஒருவன் ஒளிந்து ஊசி போட்டால் அது மோசடி. ஆறாத தசை வலிக்காமல் இருக்க டாக்டர் ஊசி போட்டால் அது சிகிச்சை. இரண்டும் அவனை அதே ஞாயிற்றுக்கிழமை அதே மைதானத்தில் கொண்டுவிடுகின்றன. நீண்ட நாளில் எது அதிகம் கெடுதல் என்று கேட்டால் முதலாவது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

கஞ்சா?

லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2020 ஒப்பந்தத்திலிருந்து அதற்காக ஆட்டத் தடை இல்லை. வலிக்கு உதவுமா என்று ஆராய லீக்கே 2022-ல் 10 லட்சம் டாலர் கொடுத்தது. அதற்கு முன் ரிக்கி வில்லியம்ஸ் போதைமருந்து விதியில் 2006 சீசன் முழுவதையும் இழந்தார். காலம்.

எதுவுமே நல்லதாக மாறவில்லையா?

மாறியிருக்கிறது. இரு அணியும் மைதானத்தின் இரு முனையிலிருந்து ஓடிவந்து மோதும் கிக்காஃபை 2024-ல் மாற்றியமைத்து ஓட்டத்தைக் குறைத்தார்கள். பயிற்சியில் பெரும்பாலோருக்கு ஹெல்மெட் மேல் மெத்தைத் தொப்பி வந்துவிட்டது. பார்க்கக் காளான் மாதிரி இருக்கும். 2024-ல் பதிவான கன்கஷன் 182. 2015 முதல் எடுக்கும் கணக்கில் அதுவரை மிகக் குறைவு. ஆட்டக்காரர்களும் மாறிவிட்டார்கள். கிறிஸ் போர்லண்ட் 24 வயதில், ஒரே சீசன் ஆடிவிட்டு, தலை முக்கியம் என்று 2015-ல் விலகினார். ஆண்ட்ரூ லக் 29 வயதில் ஓய்வு அறிவித்த செய்தி 2019-ல் ஆட்டம் நடக்கும்போதே கசிந்தது. சிறுநீரகம் கிழிந்தும் தோள் கிழிந்தும் ஆடிக்கொடுத்த மனிதரைச் சொந்த ஊர்க் கூட்டமே கூச்சலிட்டு அனுப்பியது.

என் பையன் ஸ்கூல் டீமில் சேரணும் என்கிறான். விடலாமா?

எனக்கு வரும் ஃபோன்களில் பாதி இதுதான், அதுவும் அம்மாக்களிடமிருந்து. கல்லூரி சீட்டு ஆசையில் அப்பாக்கள் கொஞ்சம் நழுவுவார்கள்.

பாஸ்டன் குழு 2019-ல் சொன்னது: இறந்த 266 ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்ததில், ஆடிய ஒவ்வொரு கூடுதல் வருடத்துக்கும் சி.டி.இ. இருக்கும் வாய்ப்பு 30 சதவீதம் ஏறுகிறது. ஆக, வருடக் கணக்குதான் முக்கியம். எட்டு வயதில் ஆரம்பிப்பதும் பதினான்கில் ஆரம்பிப்பதும் ஒன்றில்லை. சின்ன வயதில் ஃபிளாக் போதும். உயர்நிலைப் பள்ளியில் கேட்டால், பயிற்சியின்போது வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல், காயம் பார்க்கத் தகுதியான ஆள் மைதானத்தில் இருக்கிறாரா, இந்த இரண்டையும் கோச்சிடம் நேரில் கேளுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்ளும் கோச் என்றால் எனக்கு ஃபோன் பண்ண வேண்டியதே இல்லை. "தலையைச் சுத்துதும்மா" என்று பிள்ளை வந்து சொன்னால் திட்டாமல் கேட்கிற வீடாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் சொல்லவே மாட்டான்.

இந்த வாரம் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்று எங்கே பார்ப்பது?

ஒவ்வொரு அணியும் வாரா வாரம் காயப் பட்டியல் வெளியிட்டே ஆக வேண்டும். உள்விவரம் தெரிந்தவர்கள் சூதாட்டத்தில் லாபம் பார்க்கக் கூடாது என்பது இந்த விதியின் நோக்கம். கருணை என்று நினைத்துவிடாதீர்கள். 'அவுட்' என்றால் நிச்சயம் இல்லை. 'டவுட்ஃபுல்' என்றால் கிட்டத்தட்ட இல்லை. 'க்வெஸ்சனபிள்' என்றால் அந்தக் கோச்சுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். அநேகமாக ஆடுவார் என்பதற்கு 'ப்ராபபிள்' என்று ஒன்று இருந்தது, 2016-ல் தூக்கிவிட்டார்கள். ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது இறுதிப் பட்டியல் வரும். சமோசாவை அதற்கு அப்புறம் பொரித்தால் போதும்.